சாம்பல் நிறச் சொட்டு: பாபிட் பேரிங் கொண்ட பழைய பேண்ட்சாவுடன் ஒன்பது ஆண்டுகள்

நண்பர் ஒருவர் பழைய 36 அங்குல பேண்ட்சா ஒன்றை, அதாவது இரண்டு சக்கரங்களின் மேல் ஓடும் பல்வைத்த பட்டை பிளேடால் மரம் அறுக்கும் இயந்திரத்தை, பார்த்து வைத்திருக்கிறார். வார்ப்பிரும்புச் சட்டம், ஆரக்கால் வைத்த இரண்டு பெரிய சக்கரங்கள், மேலும் கீழும் மென்மையான உலோகத்தை உருக்கி ஊற்றிச் செய்த பாபிட் பேரிங்குகள். வாங்கலாமா, வாங்கினால் பாபிட்டை அப்படியே வைத்துக்கொள்ளலாமா அல்லது எடுத்துவிட்டு, எஃகு உருண்டைகள் வைத்த பால் பேரிங் பொருத்திவிடலாமா என்று கேட்டார். அவர் கேட்டபோது, அதே வகையைச் சேர்ந்த என் இயந்திரத்தின் கீழ்ச் சக்கர பேரிங்கை நான் உருக்கி ஊற்றிச் சுரண்டி முடித்து நான்கு நாட்களே ஆகியிருந்தன; நகக்கண்ணில் நீலச் சாயம் இன்னும் போகவில்லை. அந்த மனநிலையில் நான் சொன்ன பதில் இயந்திரத்துக்கு நியாயம் செய்யவில்லை. ஒன்பது ஆண்டுகள் அதனோடு வேலை செய்தவன் என்ற முறையில் நிதானமாக எழுதிப் பார்க்கிறேன்.

துருவை எடுத்தது, வண்ணம் பூசியது போன்றவற்றைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பழைய வண்ணப்பூச்சில் காரீயம் இருக்கக்கூடும் என்பதால் உலர்ந்த நிலையில் தேய்க்காமல், நனைத்துச் சுரண்டி எடுத்தேன். சிறு பாகங்களைச் சலவைச் சோடாக் கரைசலில் இட்டு மின்பகுப்பு முறையில் துரு நீக்கினேன். எதிர்முனைக்குச் சாதாரண இரும்புத் தகட்டையே வைக்க வேண்டும். துருப்பிடிக்காத எஃகை வைத்தால் கரைசலில் நச்சுத்தன்மையுள்ள குரோமியச் சேர்மம் இறங்கும். அந்தத் தொட்டியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும் என்பதால் காற்றோட்டமான இடத்தில் வைத்தே செய்தேன். சக்கரங்களுக்குப் புதிய ரப்பர் டயர் ஒட்டி, நடுவில் சற்று மேடாக இருக்கும்படி தேய்த்தேன். ஓடும் பட்டை எப்போதும் மேட்டை நோக்கியே ஏறும் என்பதால்தான் பிளேடு சக்கரத்தின் நடுவில் நிற்கிறது. சக்கரங்களைச் சுற்றி மூடியே இல்லாமல் வந்த இயந்திரத்துக்கு பிளைவுட்டில் மூடிகள் செய்து மாட்டினேன். இவை எல்லாம் ஒரு முறை செய்து முடிக்கும் வேலைகள். முடியாத வேலை எண்ணெய்தான்.

பாபிட் என்பது வெள்ளீயம், ஆன்டிமனி, செம்பு ஆகியவை சேர்ந்த கலப்பு உலோகம். ஐசக் பாபிட் என்ற அமெரிக்கர் 1839-இல் உருவாக்கிய பேரிங்கின் வழியாக அவர் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது; பட்டறைகளில் ஒயிட் மெட்டல் என்றும் சொல்வார்கள். மென்மையான வெள்ளீயத்துக்குள் வெள்ளீயமும் ஆன்டிமனியும் சேர்ந்த கடினமான சிறு படிகங்கள் பதிந்திருக்கும். படிகங்கள் சுமையைத் தாங்குகின்றன. தப்பித்தவறி ஒரு துகள் உள்ளே நுழைந்தால், அது சக்கரத்தின் அச்சான ஷாஃப்ட்டைக் கீறுவதற்குப் பதிலாக மென்மையான பகுதிக்குள் அமிழ்ந்துவிடுகிறது. சக்கரம் வேகம் பிடித்ததும் ஷாஃப்ட் தன் சுழற்சியாலேயே எண்ணெயை அடியில் இழுத்துக்கொண்டு, மெல்லிய படலத்தின் மேல் ஏறி மிதக்கத் தொடங்கும். அதன் பிறகு உலோகம் உலோகத்தைத் தொடுவதில்லை. தேய்மானம் பெரும்பாலும் ஓடத் தொடங்கும்போதும் நிற்கப்போகும்போதும் நிகழ்வது. இந்த ஏற்பாட்டின் அழகை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். மோட்டாரின் இரைச்சல் தனியாகவும் பிளேடு மரத்தை அறுக்கும் ஒலி தனியாகவும் கேட்கும். பேரிங்கிலிருந்து எந்த ஒலியும் வராது. இத்தனை பெரிய சக்கரம் நிமிடத்துக்கு 500 சுற்று சுற்றினால் பிளேடு நிமிடத்துக்கு 1,400 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. அந்த வேகத்தில் அப்படி ஓர் அமைதியை வேறு எந்தப் பட்டறை இயந்திரத்திலும் நான் அனுபவித்ததில்லை.

ஆனால் அந்தப் படலத்துக்கான எண்ணெயை யாராவது ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இதில் எண்ணெய் சுழன்று திரும்பி வருவதில்லை. மேலே கண்ணாடிக் கிண்ணத்திலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கி, பேரிங் வழியாகப் போய், இரு முனைகளிலும் வெளியேறித் தரைக்குப் போய்விடும். போன எண்ணெய் போனதுதான். கிண்ணத்தின் ஊசி வால்வைத் திருகி நிமிடத்துக்கு இத்தனை சொட்டு என்று வைப்போம். காலையில் எண்ணெய் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்போது நிமிடத்துக்கு எட்டுச் சொட்டு என்று வைத்தால், நண்பகலில் அதே திறப்பில் பதினான்கு, பதினைந்து சொட்டு விழுகிறது. நண்பகலில் சரியாக வைத்தால் மறுநாள் காலை அது நான்கு சொட்டாகக் குறைந்திருக்கும். கிண்ணம் நிறைந்திருக்கும்போது ஓர் அளவு, பாதியானதும் வேறோர் அளவு. ஒன்பது ஆண்டுகளில் நான் அந்த ஊசியைத் திருகாத வேலை நாள் ஒன்றுகூட இருந்திருக்காது. இது இயந்திரத்தின் பழுதன்று, அதன் இயல்பு என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும், அறுக்க வேண்டிய பலகைகள் அடுக்கி இருக்கும் காலையில் கண்ணாடிக்கு முன் குனிந்து நின்று சொட்டு எண்ணுவது இன்றுவரை எனக்கு எரிச்சலூட்டுகிறது.

தொடங்கும்போது ஒரு கவனம் என்றால் நிறுத்தும்போது இன்னொன்று. இயந்திரத்தை அணைத்த பிறகு, நான் கடிகாரம் வைத்துப் பார்த்தவரை, இரண்டு நிமிடங்களுக்கும் மேலாகச் சக்கரம் தானே சுழன்று நிற்கும். வேகம் குறையக் குறைய எண்ணெய்ப் படலம் மெலியும்; எனவே சக்கரம் முழுதாக நிற்கும்வரை சொட்டு விழுந்துகொண்டே இருக்க வேண்டும். அதுவரை அங்கே நின்று காத்திருந்து, பிறகு கிண்ணத்தின் மேலுள்ள நெம்பை மடக்கி எண்ணெயை நிறுத்த வேண்டும். இந்தக் காத்திருப்பில்தான் மறதி வருகிறது. வேறு வேலைக்குத் திரும்பிவிட்டால் எண்ணெய் இரவு முழுவதும் ஒழுகிக் காலையில் கிண்ணம் காலியாக இருக்கும். தரையில் மரத்தூளும் எண்ணெயும் குழைந்த சேறு வழுக்கும், தீயும் எளிதில் பற்றும். இதனால் அணைத்த பிறகு சக்கரம் நிற்கும்வரை கையை நெம்பின் மேலேயே வைத்துக்கொள்ளும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டேன். மோட்டாரை வேகக் கட்டுப்பாட்டுக் கருவி வழியாக ஓட்டுபவர்கள் மேலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அளவுக்கு மீறி மெதுவாக ஓட்டினால் ஷாஃப்ட் படலத்தின் மேல் ஏறாமலே உரசிக்கொண்டிருக்கும்.

இவற்றைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என் கோபம் முழுவதும் கீழ்ச் சக்கரத்தின் மேல்தான். பேரிங்கின் உள்முனையிலிருந்து கசியும் எண்ணெய் தரைக்கு மட்டும் போனால் துடைத்துவிடலாம். அது ஷாஃப்ட்டின் மேலேயே ஊர்ந்து சக்கரத்தின் நடுவிலுள்ள குடத்தை அடைகிறது. அங்கிருந்து சுழற்சி விசை அதை ஆரக்கால் வழியாக வெளியே தள்ளி, சக்கரத்தின் வெளிவளையமான வட்டைக்குக் கொண்டுபோகிறது. வட்டையின் மேல் ரப்பர் டயர், டயரின் மேல் பிளேடு. இயற்கை ரப்பர் கனிம எண்ணெயைக் குடித்து உப்பும், ஒட்டிய பசையும் விட்டுப்போகும். அதற்கு முன்பாகவே பிளேடு எண்ணெயை எடுத்துக்கொண்டு மரத்துக்குள் நுழைகிறது. வெளிர்நிறப் பலகையை நெடுக அறுத்துப் பிரித்துப் பார்த்தால், அறுத்த முகத்தில் விரல் அகலத்துக்கு மங்கலான ஒரு கோடு ஓடும். இழைத்தால் போய்விடும் என்று நம்பி இழைத்தேன். மேலே போயிற்று, மரநாரின் வழியாக உள்ளே இறங்கிய இடங்களில் போகவில்லை. வார்னிஷ் பூசியதும் அந்த இடம் மட்டும் ஒட்டாமல் சுருங்கி நின்றது. மூன்று நாள் வேலை செய்து சேர்த்த மேசைப் பலகை அது.

அதற்குப் பிறகு பித்தளைத் தகட்டில் வட்டமாக ஒரு வளையம் வெட்டி, பேரிங்குக்கும் குடத்துக்கும் இடையில் ஷாஃப்ட்டின் மேல் இறுக்கமாகப் பொருத்தினேன். ஊர்ந்து வரும் எண்ணெய் அந்த வளையத்தின் விளிம்புக்கு வந்ததும் தெறித்துவிடும். தெறிப்பதைப் பிடிக்க ஒரு தகரக் கூடு, கூட்டின் அடியில் ஒரு குழாய், குழாயின் முடிவில் ஒரு புட்டி. பத்தில் ஒன்பது பங்கு கசிவு இதோடு நின்றது என்று நியாயமாகச் சொல்ல வேண்டும். மீதி ஒரு பங்குக்காக வாரம் ஒரு முறை ஆரக்கால்களைத் துணியால் துடைக்கிறேன். முக்கியமான பலகையை அறுக்கும் நாளில், முதலில் ஒரு வீண் கட்டையை அறுத்து, முகத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்காமல் நல்ல மரத்தை மேசைமேல் வைப்பதில்லை.

இனி, இந்த முறை பேரிங் போனதற்கான காரணத்துக்கு வருகிறேன். நண்பர் மட்டுமல்லாமல் பாபிட் வைத்திருக்கும் எவரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று அதில் இருக்கிறது. எண்ணெய் ஒழுகுவது வழக்கமாகிவிட்ட இயந்திரத்தில், தரையில் எண்ணெயைப் பார்த்தால் மனம் எண்ணெய் போகிறது, எனவே எல்லாம் சரியாக இருக்கிறது என்றே எடுத்துக்கொள்கிறது. அன்றும் கண்ணாடியில் சொட்டு விழுந்தது, அடியில் எண்ணெய் தேங்கியும் இருந்தது. ஆனால் கிண்ணத்துக்குக் கீழே பேரிங் மூடியின் துளையில் இருந்த கம்பளி அடைப்பு நாட்பட்டு இறுகி, அதன் மேல் நுண்ணிய மரத்தூளும் எண்ணெயும் சேர்ந்து மெழுகுபோல் படிந்து துளையை மூடிவிட்டிருந்தன. விழுந்த சொட்டு உள்ளே போக வழியின்றி, மூடியின் வெளிப்புறமாக வழிந்து தரைக்குப் போய்க்கொண்டிருந்தது. முதலில் நான் உணர்ந்தது சூடான எண்ணெயின் வாடையைத்தான். மூடியில் கை வைத்தேன். இரண்டு விநாடிக்கு மேல் வைக்க முடியவில்லை. அணைத்தேன். வழக்கமாக இரண்டு நிமிடம் சுழலும் சக்கரம் அரை நிமிடத்துக்குள் நின்றுவிட்டது. மூடியைத் திறந்து பார்த்தபோது, கீழ்ப் பாதியின் பாபிட் வெண்ணெயைக் கத்தியால் இழுத்ததுபோல் சுழற்சியின் திசையில் இழுபட்டு, எண்ணெய் பரவ வெட்டிய பள்ளமான எண்ணெய்க் காடி முழுவதும் அடைந்து கிடந்தது.

தரையில் தேங்கிய எண்ணெயைத் துடைத்தபோதுதான் நான் எதைக் கவனிக்கத் தவறினேன் என்பது புலப்பட்டது. அந்த எண்ணெய் தேன் நிறத்தில், புட்டியில் இருந்த அதே தெளிவோடு இருந்தது. பேரிங்குக்குள் போய் வந்த எண்ணெய் அப்படி இருக்காது; நுண்ணிய உலோகப் பொடியைச் சேர்த்துக்கொண்டு இலேசான சாம்பல் நிறத்தில் வெளிவரும். மிகக் கறுப்பாக வந்தால் தேய்மானம் அதிகம் என்று பொருள். தெளிவாகவே வந்தால் எண்ணெய் உள்ளே போகவேயில்லை என்று பொருள். இப்போது ஒவ்வொரு பேரிங்கின் முனைக்கும் கீழே ஒரு வெள்ளைத் தாள் வைக்கிறேன், நாள் முடிவில் அதில் விழுந்திருக்கும் சொட்டின் நிறத்தைப் பார்க்கிறேன். ஒன்பது ஆண்டுகளாக எரிச்சலோடு துடைத்தெறிந்த அந்த எண்ணெய்தான் பேரிங்கின் உடல்நிலையை எனக்குச் சொல்லக்கூடிய ஒரே சாட்சி என்பதை, பேரிங்கை இழந்த பிறகே புரிந்துகொண்டேன்.

மறுபடி ஊற்றிய வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய உலோகத்தை உருக்கி வெளியே எடுத்தேன். அதில் காரீயம் கலந்திருக்கிறதா இல்லையா என்று கண்ணால் சொல்ல முடியாது என்பதால் புதியதோடு கலக்கவில்லை. புதிதாக வாங்கியது 89 விழுக்காடு வெள்ளீயம், 7.5 விழுக்காடு ஆன்டிமனி, 3.5 விழுக்காடு செம்பு கொண்டது. இது 240 பாகை செல்சியஸுக்கு மேல் இளகத் தொடங்கி, 350 பாகையைத் தாண்டித்தான் முழுவதும் திரவமாகும். ஊற்றுவதற்கு 420 பாகைக்கு அருகில் இருக்க வேண்டும். பழைய ஆட்கள் வெப்பமானி இல்லாமல் ஊற்றியவர்கள். மென்மரக் குச்சி ஒன்றை உருகிய உலோகத்தில் நுழைத்து எடுத்தால் அது கருக வேண்டும், ஆனால் தீப்பற்றக் கூடாது. நான் இரண்டையும் செய்து பார்த்தேன். குச்சியும் வெப்பமானியும் ஒன்றையே சொல்லின.

உருகிய உலோகத்தில் ஒரு துளி ஈரம் பட்டாலும் அது கணத்தில் நீராவியாகி உலோகத்தை முகத்தில் அடிக்கும். எனவே பாபிட்டைத் தாங்கும் வார்ப்பிரும்பு பேரிங் கூடு, ஷாஃப்ட், கரண்டி என எல்லாவற்றையும் முதலில் சூடாக்கி ஈரத்தைப் போக்க வேண்டும். முகக்கவசமும் தோல் கையுறையும் இல்லாமல் அருகில் போகக் கூடாது. ஷாஃப்ட்டின் மேல் பாபிட் ஒட்டாதிருக்க, புகையும் சுடரில் காட்டிக் கரி பிடிக்க வைத்தேன். முனைகளை எண்ணெயில் பிசைந்த களிமண்ணால் அடைத்தேன். நீரில் பிசைந்த களிமண் இங்கே ஆகாது. முதல் முறை ஊற்றியது வீணாயிற்று. கூட்டைப் போதுமான அளவு சூடாக்கிய நான் ஷாஃப்ட்டில் அவசரப்பட்டுவிட்டேன். இரு பக்கமாக ஓடிவந்த உலோகம் சந்தித்த இடத்தில் ஒன்றோடொன்று கலக்காமல், மடித்த துணியின் மடிப்புபோல ஒரு கோடு விழுந்துவிட்டது. மறுபடி உருக்கி எடுத்து, ஷாஃப்ட்டை வெகுநேரம் சூடாக்கி, ஒரே மூச்சில் இடைவிடாமல் ஊற்றியபோது சரியாக வந்தது.

ஊற்றுவது அரை நிமிட வேலை. சுரண்டுவதற்கு நான்கு மாலைகள் ஆயின. ஷாஃப்ட்டில் பிரஷ்யன் நீலத்தை மிக மெல்லியதாகத் தடவி, பேரிங்கில் கிடத்திக் கையால் சுழற்றி எடுத்தால், தொடும் இடங்களில் மட்டும் நீலம் பதியும். அந்த இடங்களை வளைந்த ஸ்கிரேப்பரால் சுரண்ட வேண்டும், மறுபடி கிடத்திப் பார்க்க வேண்டும். முதல் மாலை நீலம் இரண்டு ஓரங்களில் மட்டும் இருந்தது. இரண்டாம் மாலை நடுவில் தீவுகள் போல நான்கைந்து திட்டுகள் தோன்றின. நான்காம் மாலை கீழ்ப்பகுதி முழுவதும் நெருக்கமான புள்ளிகளாகப் பரவியது. அந்த நான்காம் மாலை எனக்குக் கிடைத்த நிறைவை நான் மறைக்க விரும்பவில்லை. மேல் மூடிக்கும் கூட்டுக்கும் இடையில் இடைவெளியைச் சரிசெய்ய வைக்கும் மெல்லிய ஷிம் தகடுகளை அடுக்கி, ஷாஃப்ட்டின் விட்டத்தில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு இடைவெளி இருக்கும்படி இறுக்கினேன். எதிர்காலத்தில் தேயத் தேய ஒவ்வொரு தகடாக உருவினால் போதும். மறுபடி ஊற்ற வேண்டியதில்லை. எண்ணெய்க் காடியை மட்டும் பேரிங்கின் முனைவரை வெட்டிவிடக் கூடாது. வெட்டினால் எண்ணெய் வேலை செய்யாமலே ஓடிப்போகும்.

இப்போது ஓடுகிறது. மூடியின் மேல் கை வைத்தால் இளஞ்சூடு மட்டுமே. சக்கரம் மறுபடி இரண்டு நிமிடத்துக்கும் மேல் சுழன்றுதான் நிற்கிறது.

பால் பேரிங்குக்கும் நியாயம் சொல்ல வேண்டும். 6210 என்ற எண்ணுள்ள பேரிங் எந்த நிறுவனம் செய்ததாக இருந்தாலும் உள்விட்டம் 50, வெளிவிட்டம் 90, அகலம் 20 மில்லிமீட்டர்தான் இருக்கும். தேய்ந்தால் கழற்றிவிட்டுப் புதியதைப் போடலாம். மூடிய வகையாக இருந்தால் கிரீஸ் உள்ளேயே இருக்கும், எண்ணெய் சொட்டாது, டயர் உப்பாது, பலகையில் கோடு விழாது. பழைய கூட்டைக் கடைந்து அகலப்படுத்துவது திரும்ப மாற்ற முடியாத வேலை என்பதால் எனக்கு அதில் விருப்பமில்லை; ஆனால் கூட்டைத் தொடாமல், அதை முழுதாகக் கழற்றி வைத்துவிட்டு அதன் இடத்தில் தனிக் கூட்டோடு வரும் பேரிங்கை உயரம் சரிபார்த்துப் பொருத்த முடியும். பின்னால் வருபவர் விரும்பினால் பழையதையே மாட்டிக்கொள்ளலாம். அப்படிச் செய்பவரைப் பழைய இயந்திரத்தைக் கெடுத்தவர் என்று திட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. கழிவிரும்புக்குப் போய் உருகுவதைவிட, பால் பேரிங்கோடு மரம் அறுப்பது அந்த இயந்திரத்துக்கு எவ்வளவோ மேல்.

இவ்வளவு எழுதிய பிறகு நண்பருக்கு என் பதில்: பாபிட்டோடு வைத்துக்கொள்ள வேண்டாம். அவருடைய பட்டறையில் மூன்று பேர் அந்த இயந்திரத்தைத் தொடுவார்கள். எண்ணெய் கிண்ணத்தைத் திறந்தது ஒருவர், அணைத்தது மற்றொருவர் என்று ஆகிவிட்டால், மூட மறந்தது யார் என்ற பேச்சுதான் மிஞ்சும்; பேரிங் மிஞ்சாது. எத்தனை நேர்த்தியாக ஊற்றிச் சுரண்டினாலும் பாபிட் ஒரே ஆளின் கையில் இருந்தால்தான் நிலைக்கிறது. என் பட்டறையில் அதைத் தொடுவது நான் ஒருவன் மட்டும், அப்படியிருந்தும் ஒரு முறை கெடுத்துவிட்டேன். கீழ்ச் சக்கரத்துக்காவது அவர் பால் பேரிங் போட்டுவிடட்டும். மேல் சக்கரத்தின் எண்ணெயும் டயருக்குப் போகக்கூடியதுதான் என்றாலும், அங்கே தூள் குறைவு, கையும் கண்ணும் எளிதில் எட்டும்.

என்னுடையதை மாற்றப் போகிறேனா என்றால், இந்த மாதம் இல்லை. நான்கு மாலை சுரண்டிய பேரிங்கைக் கழற்ற எனக்கு மனம் வரவில்லை. அடுத்த முறை ஒரு வெளிர்நிறப் பலகையில் அந்தக் கோடு தோன்றும் நாளில் கேட்டால் வேறு பதில் சொல்லக்கூடும்.

அவர் இயந்திரத்தைப் பார்க்கப் போகும்போது செய்ய வேண்டியது ஒன்று உண்டு. சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்து மயங்காமல், கெட்டியான எண்ணெய் எந்தத் தேய்மானத்தையும் சில நிமிடங்கள் மறைத்துவிடும் என்பதை நினைவில் வைத்து, விற்பவரின் அனுமதியோடு நான்கு மரைகளைக் கழற்றிக் கீழ் பேரிங்கின் மூடியைத் திறக்கட்டும். இரு பக்கமும் ஷிம் தகடுகள் இன்னும் இருக்கின்றனவா, எத்தனை இருக்கின்றன என்று எண்ணட்டும். மூன்று நான்கு இருந்தால் அந்த பேரிங்குக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது. ஒன்றுகூட இல்லாமல் மூடி கூட்டின் மேல் நேராக உட்கார்ந்திருந்தால், ஊற்றும் செலவையோ பால் பேரிங்கின் செலவையோ விலையிலிருந்து கழித்த பிறகே பேரம் பேசட்டும்.